சொல்லாதிருப்பது பொய்யாகுமா?



பொய் சொல்லலாகாது என்று குழந்தைக்குக் கற்பிக்கிறோம். அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் அறிந்த உண்மை முழுவதையும், கேட்கிறவர் யாராயிருந்தாலும், கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கடமை உண்டா? சொல்லாமல் நிறுத்திக்கொண்ட உண்மை பொய்யாகிவிடுமா? நோயாளியின் கட்டிலருகே நிற்பவரும், அயலாரின் இரகசியத்தை அறிந்தவரும், நண்பனின் குறையைத் தெரிந்துகொண்டவரும் இக்கேள்வியை ஒரு நாளாவது எதிர்கொண்டிருப்பர்.

இவ்வாரம் இதனை ஒரு சிறு செடியைக் கொண்டு ஆராய்வோம். செடிக்கும் மனச்சாட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள். சம்பந்தம் தானே விளங்கும்.

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் வான்றைன்ஸ்டார்ப் என்னும் சிற்றூர் உள்ளது. அதை அடுத்து விரிந்து கிடக்கும் வறண்ட வெளிக்கு க்னெர்ஸ்ஃப்ளாக்டே என்று பெயர். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அதற்கு 'நறநறக்கும் சமவெளி' என்பது பொருள். அக்காலத்து வண்டிச் சக்கரங்கள் கற்களின்மேல் நறநறவென்று அரைபட்டுச் சென்றதால் இப்பெயர் ஏற்பட்டது என்பர். அந்தக் கற்கள் குவார்ட்ஸ் என்னும் வகையைச் சேர்ந்தவை. தமிழில் வெங்கச்சங்கல் என்கிறோமே, அதுதான். பூமிக்குள் ஓடிய வெள்ளைக் கல் நரம்புகள் காலப்போக்கில் உடைந்து சிதறி, நிலத்தின்மேல் உப்பைக் கொட்டினாற்போல் பரந்து கிடக்கின்றன.

அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை பெரும்பாலான இடங்களில் 200 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே பெய்கிறது. மண் ஆழமில்லாதது, சில இடங்களில் உப்பு மிகுந்தது, சில இடங்களில் புளிப்பு மிகுந்தது. பெரிய செடி எதுவும் அங்கே தழைப்பதில்லை. ஆனால் சிறிய செடிகள் கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன. வெள்ளைக் கல் சூரிய வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதால், அதன்மேல் தரையோடு ஒட்டிய காற்று பக்கத்து நிலத்தைக் காட்டிலும் சற்றே குளிர்ந்திருக்கிறது. விரற்கடை உயரமுள்ள செடிக்கு அந்தச் சிறு வேற்றுமையே உயிர் கொடுக்கிறது. இச்செடிகள் தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வைக்கின்றன. அவற்றுள் பல, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து மூச்சு வாங்குகின்றன. சிலவற்றின் காய்கள் வெயிலில் இறுக மூடிக் கிடந்து, மழைத்துளி பட்டதும் திறந்து விதையைச் சிதறுகின்றன. முளைக்கத் தண்ணீர் உண்டு என்று தெரிந்த பின்புதான் விதை வெளியே வருகிறது.

வெண்கல் வெளிகள் ஒன்றையொன்று தொடாமல், கடலில் தீவுகள்போல் தனித்தனியே கிடக்கின்றன. ஊட்டெ ஷ்மீடல், நோர்பர்ட் யூர்கென்ஸ் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் இருவர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இவற்றைத் தீவுகள் என்றே குறித்தனர். ஒரு தீவில் உள்ள செடி அடுத்த தீவில் இல்லாமற்போகலாம். ஆகவே ஒரு குன்றின் ஒரு சரிவில் மாத்திரம், வேறெங்குமின்றி, ஓர் இனம் வாழ்வது அங்கே வியப்பான செய்தியன்று.

இனி, தாவர இயல் அறிஞர் ஒருவர் அத்தகைய சரிவில் முழங்கால் உயரமும் இல்லாத ஒரு புதர்ச்செடியைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இலைகள் உருண்டு சதைப்பற்றாக உள்ளன. மேலே பனி படிந்தாற்போல் பளபளக்கின்றன. இதற்கு நெருங்கிய உறவு ஏற்கெனவே உண்டு: துரோசாந்திமம் என்னும் இனக்குழுவின் பெயருக்கே கிரேக்க மொழியில் 'பனித்துளிப் பூ' என்று பொருள். ஆனால் இந்தச் செடி முன்பு அறியப்பட்ட எதனோடும் சரியாகப் பொருந்தவில்லை. இது புதிது என்று அவர் உள்ளம் சொல்கிறது.

உள்ளம் சொன்னால் போதுமா? போதாது. அவர் ஒரு கிளையை எடுத்துப் பாடம் செய்ய வேண்டும். சதைப்பற்றுள்ள செடியைப் பாடம் செய்வது எளிதன்று. அழுத்தி வைத்த காகிதத்துக்குள்ளேயே அது வாரக்கணக்கில் உயிரோடிருக்கும், அல்லது அழுகிப்போகும். பின்பு பல உலர்தாவரக் காப்பகங்களில் உள்ள பழைய மாதிரிகளோடு இலையையும் பூவையும் காயின் அறைகளையும் ஒப்பிட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1877 முதல் 1970 வரை வாழ்ந்த லூயிசா போலஸ் அம்மையார் ஏறத்தாழ 1,500 தாவரப் பெயர்களை வெளியிட்டவர். அவற்றுள் மிகுதியானவை இந்தச் சதைப்பற்றுச் செடிகளின் பெயர்களே. அத்தனையையும் பார்த்து, 'இதுவன்று, இதுவுமன்று' என்று ஒதுக்கிய பின்னரே 'இது புதிது' என்று எழுதலாம்.

எழுதுவதற்கும் உலகம் ஒப்புக்கொண்ட விதிகள் உள்ளன. 1935 முதல் 2011 முடியப் புதுச் செடியின் விவரம் லத்தீன் மொழியில் இருந்தாக வேண்டும் என்பது விதி. 2012 முதல் லத்தீனிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். 1958 தொடங்கி, பெயருக்கு ஆதாரமான ஒரு மாதிரியைச் சுட்டிக்காட்டாமல் பெயர் செல்லாது. 'நான் கண்டேன், நம்புங்கள்' என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கண்டதைக் காட்ட வேண்டும். பிறர் வந்து சோதிக்க இடம் கொடுக்க வேண்டும். இது நேர்மையான ஏற்பாடு.

பெயரிடுவது வெறும் பெருமைக்காக அன்று. பெயரில்லாத செடியைச் சட்டம் காக்க இயலாது. அது அழியும் நிலையில் உள்ளது என்று பட்டியலில் சேர்க்க வேண்டுமானால் முதலில் அதற்குப் பெயர் வேண்டும். க்னெர்ஸ்ஃப்ளாக்டேயில் ஜிப்சமும் சுண்ணாம்புக்கல்லும் தோண்டி எடுக்கிறார்கள். அங்கே ஓர் அரிய உயிர் உண்டு என்று தெரியாவிட்டால், சுரங்க இயந்திரம் ஒரே நாளில் அதன் வமிசத்தை முடித்துவிடும். முடித்தவனுக்குத் தான் செய்தது இன்னதென்றும் தெரியாது. ஆகவே பேசாதிருப்பது இங்கே கொடிய தீங்காக முடியலாம். கண்டவர் பேசியாக வேண்டும்.

நிற்க. பேசினால் என்ன ஆகும்?

வியட்நாம் நாட்டில் ஓர் அழகிய ஆர்க்கிட் செடி 1999ஆம் ஆண்டில் புதிய இனமென்று விவரிக்கப்பட்டது. பாபியோபெடிலம் வியட்நாமென்ஸ் என்பது அதன் பெயர். செய்தி பரவியதும் செடி வியாபாரிகளுக்காகப் பறிப்பவர்கள் காட்டுக்குள் புகுந்தனர். சில ஆண்டுகளுக்குள் அது காட்டில் அற்றுப்போயிற்று என்று அஞ்சும் நிலை வந்தது. இந்தோனேசியாவின் ரோட்டி தீவில் வாழும் பாம்புக்கழுத்து ஆமை 1994இல் தனி இனமென்று விவரிக்கப்பட்டது. அதையும் வளர்ப்புப் பிராணி வியாபாரம் ஏறக்குறைய துடைத்துவிட்டது. 2006ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' என்னும் இதழில் ஆராய்ச்சியாளர் நால்வர், ஓர் இனத்தை விஞ்ஞான முறையில் விவரிப்பதே அதற்கு ஆபத்தாக முடியலாம் என்று எச்சரித்து எழுதினர். அந்த நால்வருள் ஒருவர், ரோட்டி ஆமைக்குப் பெயரிட்ட ஆண்டர்ஸ் ரோடின் என்பவரேயாவார். தாம் உலகுக்கு அறிவித்த உயிர், தம் அறிவிப்பாலேயே வேட்டையாடப்படுவதைக் காண்பது எத்தகைய வேதனை என்று எண்ணிப் பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவின் சதைப்பற்றுச் செடிகளுக்கும் இதே இடர் வந்துள்ளது. கூழாங்கல்லைப்போல் உருண்ட சிறு செடிகள் தூர தேசங்களில் அலங்காரப் பொருளாக விலைபோகின்றன. 2019 முதல் கோனோபைட்டம் முதலிய செடிகளைத் திருட்டுத்தனமாகப் பறிப்பது மிகப் பெருகிற்று. அதிகாரிகள் கைப்பற்றியவை மட்டுமே பத்து லட்சம் செடிகளுக்கு மேல். ஒரு செடி கைப்பிடி அளவு வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதைத் தோண்டி எடுக்க ஒரு திருப்புளியும் சில வினாடிகளும் போதும். தோண்டுகிறவர்களிற் பலர் ஏழைகள். வேலையின்றித் தவிக்கும் வேளையில் இடைத்தரகர் காட்டும் பணத்துக்கு இணங்கியவர்கள். லாபத்தின் பெரும்பகுதியோ அவர்கள் கைக்கு வருவதில்லை. 2022இல் அந்நாட்டு அரசாங்கம் இத்திருட்டைத் தடுக்கவென்று தனித் திட்டமே வகுக்க நேர்ந்தது.

வாசகரே, இப்போது அந்த அறிஞரின் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். பேசாவிட்டால் சுரங்கம் அழிக்கும். பேசினால் திருடன் அழிப்பான். எது கடமை?

எளிய வழி ஒன்று உடனே தோன்றும்: பெயரை வெளியிட்டு, இடத்தை மாற்றிச் சொல்லிவிடலாமே! வடக்கே இருப்பதைத் தெற்கே என்றால் திருடன் ஏமாந்து போவான் அல்லவா? இவ்வழி புதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஆர்க்கிட் செடிகளை விற்றுப் பொருள் குவித்த வியாபாரிகள், போட்டியாளர் தேடிச் செல்லாதபடி வேண்டுமென்றே தவறான ஊர்ப் பெயர்களைப் பரப்பினர். தாங்கள் எடுக்க வேண்டியதைக் காட்டில் எடுத்துக்கொண்டே இருந்தனர். பின்வந்த அறிஞர்கள் அப்பொய்களை நம்பிப் பல காலம் அலைந்தனர். பொய்யான இடத்தைச் சொன்னால் திருடன் மட்டும் ஏமாறுவதில்லை. காக்க வருகிறவனும் ஏமாறுகிறான். எந்த நோக்கத்தோடு சொன்னாலும், விஞ்ஞான ஏட்டில் எழுதிய பொய் எழுதியவரோடு சாவதில்லை. ஆதலால் இவ்வழி அடைபட்டது.

நேரிய வழி யாது? இன்று நல்ல ஆராய்ச்சியாளர் பலர் கைக்கொள்ளும் முறை இது. செடி எத்தகையது என்பதை ஒளிவின்றி முழுவதும் வெளியிடுகிறார்கள்: இலை, பூ, காய், உறவு, அது வாழும் கல்லின் இயல்பு, அதற்குள்ள அபாயம் எல்லாம் எவரும் வாசிக்கலாம். எந்தப் பகுதியில் வளர்கிறது என்பதைப் பொதுவாகச் சொல்கிறார்கள். துல்லியமான இடத்தைப்பற்றி, 'பாதுகாப்புக் கருதி இது வெளியிடப்படவில்லை' என்று வெளிப்படையாகவே எழுதிவிடுகிறார்கள். பெயரிடும் விதிகள் துல்லியமான இடத்தை அச்சிட வேண்டும் என்று கேட்பதில்லை. ஆனால் காப்பகத்தில் வைத்த மாதிரியின் சீட்டில் அந்த இடம் சரியாக எழுதப்பட்டிருக்கும். காவல் அதிகாரிகளுக்கும் நிலத்தைப் பேணுகிறவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். தகுந்த காரணத்தோடு கேட்கும் ஆராய்ச்சியாளருக்கும் அது கிடைக்கும்.

இம்முறையின் நுட்பத்தைக் கவனியுங்கள். 'மறைத்திருக்கிறேன்' என்பதை மறைக்கவில்லை. கேட்பவர் உள்ளத்தில் தவறான எண்ணம் எதையும் விதைக்கவில்லை. கதவு மூடியிருக்கிறது என்று கதவின்மேலேயே எழுதியிருக்கிறது. பொய்யன் வேறொரு கதவைக் காட்டி, 'அதோ, அந்த வழியே போ' என்கிறான். சொல்லாதிருப்பதற்கும் பொய் சொல்வதற்கும் உள்ள வேற்றுமை இங்கே துலக்கமாய்த் தெரிகின்றது.

சீன நாட்டின் சிறுத்தைப்பல்லிகள் இதற்கு நல்ல உதாரணம். அவற்றுள் ஓர் இனம் 1999இல் இடத்தோடு விவரிக்கப்பட்டது; விவரிக்கப்பட்ட இடத்திலேயே வியாபாரிகளின் பொருட்டுப் பிடித்துத் தீர்க்கப்பட்டது. 2015இல் அதே குழுவைச் சேர்ந்த இரு புதிய இனங்களை விவரித்தவர்கள் இடத்தைச் சொல்லவில்லை; அரசாங்க அதிகாரிகளிடம் மட்டும் ஒப்படைத்தனர்.

தென்னாப்பிரிக்காவிலோ இன்னுமொரு யுக்தி கைக்கொள்ளப்படுகிறது. சுரங்கமோ சாலையோ அமைக்க விரும்புகிறவர் தம் நிலத்தைப்பற்றி அரசாங்கக் கணினியில் விசாரிக்கும்போது, திருட்டுக்கு இலக்காகக்கூடிய இனங்கள் பெயரால் குறிக்கப்படாமல் வெறும் எண்ணால் குறிக்கப்படுகின்றன. 'இங்கே காக்க வேண்டிய உயிர் ஒன்று உண்டு' என்பது மட்டும் தெரிகிறது. அது எது என்பதைச் சுற்றுச்சூழல் ஆய்வு செய்யும் நிபுணர் கேட்டுப் பெறலாம். சுரங்கக்காரர் 'தெரியாமல் செய்தேன்' என்று சொல்ல இடமில்லை. திருடன் தேடிவரவும் இடமில்லை. சொல்லவேண்டிய அளவு சொல்லப்பட்டது. சொல்லலாகாத அளவு நிறுத்தப்பட்டது.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. அவர்கள் கூறுவதில் நியாயமும் உண்டு. 'அறிவு மனித குலத்தின் பொதுச் சொத்து. ஒரு சிலர் மாத்திரம் கையில் வைத்துக்கொண்டு, யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானிப்பது ஆணவம் அல்லவா?' என்று கேட்கிறார்கள். கேள்வி கூர்மையானது. தலைநகரத்தில் இருக்கும் பேராசிரியர் அறிந்த இடத்தை, அந்த மண்ணிலேயே பிறந்து ஆடு மேய்க்கும் மனிதனுக்கு மறைப்பது என்றால் அதில் அநீதியின் வாடை வீசத்தான் செய்கிறது. அவன் ஏழை என்பதால் அவன் திருடுவான் என்று முன்கூட்டியே தீர்ப்பிடுவது பெரும் பிழை. அந்நாட்டில் அரிய காட்டுப் பூக்களைக் கண்காணிக்கும் தொண்டர் குழுக்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. பட்டம் பெறாத சாதாரண மக்களே செடிகளை எண்ணி, நலம் விசாரித்து, அறிக்கை அனுப்புகிறார்கள். நம்பிக்கை வைத்தால் காவலர் பெருகுவர் என்பதற்கு அது சாட்சி. ஆகவே மௌனத்தின் எல்லையைப் பதவியாலும் செல்வத்தாலும் வரையறுக்கலாகாது. யார் காப்பார் என்பதே அளவுகோல்.

வேறோர் ஆபத்தும் உண்டு. நல்ல காரணத்துக்காகத் தொடங்கிய மௌனம், நாளடைவில் உடைமையாக மாறிவிடக்கூடும். 'எனக்கு மட்டுமே தெரியும்' என்பதில் ஒரு தித்திப்பு இருக்கிறது. அந்தத் தித்திப்புக்கு அடிமையானவர் இடத்தைக் காவலருக்கும் சொல்லமாட்டார். தம்மோடு வைத்திருந்து ஒருநாள் இறந்துபோவார். அவரோடு அந்தச் செடியின் பாதுகாப்பும் போயிற்று. திருடன் செடியை எடுத்தான். இவர் செடியின் செய்தியை எடுத்தார். இருவர் கையிலும் பிறர் பொருள் சிக்கிக்கொண்டது.

எனவே நம் கேள்விக்கு விடை கூறுவோம். உண்மையைச் சொல்லாதிருப்பது தானாகவே பொய்யாகிவிடாது. ஆனால் எல்லா மௌனமும் நன்மையுமன்று. மௌனத்தைச் சோதிக்க இரண்டு கேள்விகள் போதும். முதலாவது: என் மௌனம் யாரைக் காக்கிறது? இரண்டாவது: நான் மறைத்த உண்மை, என்னைக் கணக்குக் கேட்கக்கூடிய யாரிடமாவது முழுமையாக ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா?

இக்கேள்விகளை உங்கள் வீட்டுக்குள் கொண்டுபோங்கள். அயல் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்த துன்பம் உங்கள் காதுக்கு வந்தது. கடைத்தெருவில் பலர் ஆவலோடு விசாரிக்கிறார்கள். 'அதைப்பற்றி நான் பேசுவதற்கில்லை' என்று சொல்லுங்கள். அந்த மௌனம் எளியவளைக் காக்கிறது. அது நல்ல மௌனம். அதே வேளையில் அவளுக்கு உதவக்கூடிய ஒருவரிடம், அவள் சம்மதத்தோடு, உண்மை போய்ச் சேரட்டும். ஆனால் கடைக் கணக்கில் பங்காளிக்குக் காட்டாத பக்கம் ஒன்று இருக்கிறதா? அலுவலகத்தில் நடந்த அநியாயத்தைக் கண்டும், 'எனக்கேன் வம்பு' என்று வாய் மூடியிருக்கிறீர்களா? அங்கே காக்கப்படுவது நீங்களே. அந்த மௌனத்துக்கு விவேகம் என்று பெயர் சூட்டாதீர்கள்.

1811ஆம் ஆண்டில் வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலப் பயணி தென்னாப்பிரிக்காவின் உட்பகுதியில் விசித்திரமான ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்தார். எடுத்த பின்புதான் அது உயிருள்ள செடி என்று கண்டார். கல்லைப்போல் தோன்றி மறைந்திருப்பது அச்செடிக்கு இயற்கை அளித்த காவல். அந்த மறைவை நம் அறிவு விலக்கிவிட்டது. விலக்கியவர் கையிலேயே அதற்கு ஈடான வேறொரு காவலைத் தரவேண்டிய பொறுப்பும் இருக்கிறது. தம்மைக் காத்துக்கொள்ள மாட்டாத எந்த உயிரைப்பற்றி அறிந்தாலும், அப்பொறுப்பு நம் கைக்கும் வந்துசேர்கிறது. வாய் திறக்குமுன் அதை நினைத்துக்கொள்வோமாக; வாய் மூடுமுன்னும் நினைத்துக்கொள்வோமாக.